மூலிகையும் சட்டமும் – 9: மா ஹுவாங்கைத் தடுத்த சட்டம்

பிரஸ்ஸல்ஸ் நகரில் உடல் மெலிவதற்காக மருந்து உண்ட நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களின் சிறுநீரகம் 1990களின் தொடக்கத்தில் பழுதானதையும், ஒரு வேருக்குப் பதிலாக நச்சுத்தன்மை உள்ள இன்னொரு வேர் கலந்துவிட்டதே அதற்குக் காரணம் என்பதையும் சென்ற பகுதியில் பார்த்தோம். அங்கே குற்றம் சரக்கில் இருந்தது. இந்தப் பகுதியில் பார்க்கப்போகும் கதையில் சரக்கு சரியானதுதான். அது போய்ச் சேர்ந்த கைகளும் அது பயன்பட்ட நோக்கமும்தான் தவறிப்போயின. மா ஹுவாங் என்று சீனர்கள் அழைக்கும் எஃபெட்ரா மூலிகையை அமெரிக்க அரசு 2004இல் கடைகளிலிருந்து அகற்றியது. அகற்றியது சரியே என்றுதான் நான் கருதுகிறேன். ஆனால் அந்த மூலிகையை முறையாகப் பயின்று நோயாளிக்குக் கொடுத்துவந்த வைத்தியருக்குச் சட்டத்தில் ஓர் இடத்தை அரசு வகுக்கவில்லை. அதனால் அந்த ஒழுங்குமுறை பாதி வேலையோடு நின்றுபோனது. வீரியமுள்ள மூலிகையை ஒழுங்குபடுத்துவது என்றால், யார் கொடுக்கலாம், யாருக்கு, எதற்கு, எவ்வளவு என்று வரையறுப்பதும் அதில் அடங்கும். இந்த வரையறை இல்லாதபோது என்ன நடக்கிறது என்பதற்கு எஃபெட்ராவின் வரலாற்றைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

முதலில் இந்த மூலிகை அதன் சொந்த மண்ணில் எப்படிப் பயன்பட்டது என்று பார்க்க வேண்டும். வட சீனாவின் வறண்ட நிலங்களில் வளரும், இலை இருப்பதே தெரியாத, குச்சி குச்சியான செடி இது. சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்ட சீன மூலிகை நூலான 'ஷென்னோங் பென்சாவ் ஜிங்' இதைப் பதிவு செய்திருக்கிறது. கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜாங் ஜோங்ஜிங் எழுதிய 'ஷாங் ஹான் லுன்' என்ற காய்ச்சல் நூலில் மா ஹுவாங்கை முதன்மைச் சரக்காகக் கொண்ட கஷாயம் வருகிறது. மா ஹுவாங் தண்டு, லவங்கப்பட்டை மரத்தின் இளங்கிளை, ஆப்ரிகாட் விதை, அதிமதுரம் என்று நான்கே சரக்குகள். குளிர் கண்டு, வியர்வை வராமல், மூச்சு இழுக்கும் காய்ச்சலுக்கு அது தரப்பட்டது. அந்த நூல் செய்முறையோடு நிற்கவில்லை. மா ஹுவாங்கை முதலில் தனியே கொதிக்கவைத்து, மேலே வரும் நுரையை எடுத்துவிட்ட பிறகே மற்ற சரக்குகளைப் போடச் சொல்கிறது. வியர்வை கண்டு நோய் தணிந்தால் மிச்சக் கஷாயத்தைக் கொடுக்கக் கூடாது. இரத்தம் இழந்தவர், மூக்கில் இரத்தம் வடிபவர், தொண்டை வறண்டவர், ஏற்கெனவே அதிகம் வியர்ப்பவர் ஆகியோருக்கு வியர்வை வரவழைக்கும் மருந்தே ஆகாது என்று விலக்குகளையும் வரிசையாகச் சொல்கிறது. நம் சித்த மருத்துவர்கள் மருந்தோடு பத்தியத்தையும் சேர்த்தே சொல்வதைப் போல, அங்கும் சரக்கு தனியாகப் பயணிக்கவில்லை. விதிகளோடும் அவற்றைக் கற்ற மனிதரோடும் சேர்ந்தே பயணித்தது.

நவீன மருத்துவமும் இந்த மூலிகையைப் புறக்கணித்துவிடவில்லை. ஜப்பானிய வேதியியலாளர் நாகாய் நாகயோஷி 1885இல் மா ஹுவாங்கிலிருந்து எஃபெட்ரின் என்ற வேதிப்பொருளைப் பிரித்தெடுத்தார். 1920களில் பெய்ஜிங்கின் யூனியன் மருத்துவக் கல்லூரியில் கே.கே. சென், கார்ல் ஷ்மிட் இருவரும் அதன் செயல்பாட்டை ஆராய்ந்து 1924இல் வெளியிட்டனர். அட்ரீனலினைப் போலவே மூச்சுக்குழாயை விரிக்கும், இதயத்தைத் தூண்டும், இரத்த அழுத்தத்தை உயர்த்தும் பொருள் அது. ஆனால் அட்ரீனலினை வாய்வழியே கொடுத்தால் பயனில்லை; எஃபெட்ரினை மாத்திரையாகவே விழுங்கலாம். ஆஸ்துமா நோயாளிகளுக்கு அது பெரும் வரமானது. பல பத்தாண்டுகள் உலகெங்கும் மருத்துவர்கள் அதை எழுதிக்கொடுத்தார்கள். இதே மூலக்கூறிலிருந்து நாகாய் 1893இல் மெத்தாம்ஃபெட்டமைனை உருவாக்கினார் என்பதும் வரலாறு. எனவே இது வீரியம் மிக்க சரக்கு என்பது நூறு ஆண்டுகளாகவே வேதியியலாளருக்கும் மருத்துவருக்கும் தெரியும். பின்னால் வந்த விபரீதத்துக்கு அறியாமையைக் காரணம் காட்ட முடியாது.

விபரீதத்துக்கு வழி திறந்தது 1994 அக்டோபரில் அமெரிக்கா இயற்றிய உணவுத் துணைப்பொருள் சட்டம். மூலிகை, வைட்டமின், தாது உப்பு எதுவானாலும், நோயைக் குணப்படுத்தும் என்று சொல்லாதவரை, அதை உணவின் ஒரு வகையாகக் கருதி முன்அனுமதி இல்லாமலே விற்கலாம் என்று அச்சட்டம் சொன்னது. பொருள் பாதுகாப்பானது என்று நிறுவனம் விற்பனைக்கு முன்பே மெய்ப்பிக்க வேண்டியதில்லை. அது நியாயமற்ற ஆபத்தைத் தருகிறது என்று அரசுதான் பின்னர் மெய்ப்பிக்க வேண்டும். மக்களுக்குத் தங்கள் உடல்நலத்தைத் தாங்களே பேணும் உரிமை வேண்டும் என்பது இச்சட்டத்தை ஆதரித்தவர்களின் வாதம். அந்த உரிமையை நான் மறுக்கவில்லை. ஆனால் புதினாவையும் எஃபெட்ராவையும் ஒரே தட்டில் வைத்த சட்டம், வீரியத்தின் வேறுபாட்டைக் கணக்கில் எடுக்கவே இல்லை. காய்ச்சலுக்கும் இரைப்புக்கும் சில நாட்கள் மட்டும் உண்ண வேண்டிய மூலிகை, உடல் எடையைக் குறைக்கவும் விளையாட்டில் ஊக்கம் பெறவும் மாதக்கணக்கில் விழுங்கும் மாத்திரையாகிப் பெட்ரோல் நிலையக் கடைகளில்கூட விற்பனைக்கு வந்தது. அதோடு குவாரானா போன்றவற்றிலிருந்து எடுத்த கஃபீனையும் சேர்த்தார்கள். இதயத்தைத் தூண்டும் இரண்டு பொருள்கள் ஒரே மாத்திரையில் சேர்ந்தன. பல்லாயிரம் ஆண்டுப் பாரம்பரியம் என்ற பெருமையை விளம்பரத்துக்கு எடுத்துக்கொண்ட நிறுவனங்கள், அந்தப் பாரம்பரியம் விதித்த விலக்குகளில் ஒன்றைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

விளைவுகள் விரைவிலேயே தெரிந்தன. மாரடைப்பு, பக்கவாதம், வலிப்பு, திடீர் மரணம் என்று புகார்கள் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்துக்கு வந்தவண்ணம் இருந்தன. 1997 ஜூனில் அந்த நிர்வாகம் ஒரு வரைவு விதியை வெளியிட்டது. ஒரு வேளைக்கு 8 மில்லிகிராமுக்குள், ஒரு நாளைக்கு 24 மில்லிகிராமுக்குள், தொடர்ந்து ஏழு நாட்களுக்குள் என்று எஃபெட்ரின் வகைப் பொருள்களுக்கு எல்லை கட்டவும், தூண்டும் பொருள்களோடு சேர்ப்பதைத் தடுக்கவும் அது முயன்றது. துணைப்பொருள் தொழில்துறையினர் எதிர்த்தார்கள். அளவுக்கும் நாட்களுக்கும் விதித்த எல்லைக்குச் சான்று போதாது என்று நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 1999இல் கருத்துச் சொன்னது. அடுத்த ஆண்டு அந்தப் பகுதிகள் திரும்பப் பெறப்பட்டன. அதே 2000ஆம் ஆண்டு இறுதியில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஹாலரும் பெனோவிட்ஸும் 140 புகார்களை ஆராய்ந்து, அவற்றில் 31 விழுக்காடு எஃபெட்ராவோடு உறுதியாகவோ அநேகமாகவோ தொடர்புடையவை என்று காட்டினர். முன்னணி நிறுவனமான மெட்டபொலைஃப் தன்னிடம் வந்திருந்த 13,000க்கும் மேற்பட்ட புகார்ப் பதிவுகளை 2002இல்தான் அரசிடம் ஒப்படைத்தது. தங்களுக்கு வரும் கடுமையான புகார்களை அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் துணைப்பொருள் நிறுவனங்களுக்கு அப்போது சட்டப்படி இல்லை. 2006இல் வந்த சட்டம்தான் அதை விதித்தது.

2003 பிப்ரவரியில் பால்டிமோர் ஓரியோல்ஸ் பேஸ்பால் அணியின் 23 வயது வீரர் ஸ்டீவ் பெக்லர் பயிற்சியின்போது வெப்பத்தாக்கில் சரிந்து மறுநாள் இறந்தார். அவர் எஃபெட்ரா மாத்திரை உண்டுவந்ததும் மரணத்துக்கு ஒரு காரணி என்று பிணக்கூறாய்வு அதிகாரி சொன்னார். அதே மாதம் ராண்ட் ஆய்வு நிறுவனத்தின் விரிவான அறிக்கையும் வந்தது. இந்த மாத்திரைகளால் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோ எடைதான் கூடுதலாகக் குறைகிறது, அதுவும் குறுகிய காலத்துக்கே. ஆனால் படபடப்பு, மனக்குழப்பம், வயிற்றுக் கோளாறு முதலியவை இரண்டு முதல் மூன்று மடங்கு கூடுகின்றன என்றது அறிக்கை. இல்லினாய் மாநிலம் 2003 மே மாதத்தில் தனியே தடை விதித்தது. அந்த ஆண்டு டிசம்பர் 30 அன்று கூட்டரசும் தடையை அறிவித்தது. விதி 2004 பிப்ரவரி 11இல் வெளியாகி ஏப்ரல் 12இல் நடைமுறைக்கு வந்தது. யூட்டா மாநிலத்து நிறுவனம் ஒன்று தொடுத்த வழக்கில், 10 மில்லிகிராம் அல்லது அதற்குக் குறைவான அளவு ஆபத்தானது என்று அரசு மெய்ப்பிக்கவில்லை என 2005இல் மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2006 ஆகஸ்டில் பத்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றி, தடையை முழுமையாக நிலைநிறுத்தியது. முதல் வரைவுக்கும் கடைசித் தீர்ப்புக்கும் இடையே ஒன்பது ஆண்டுகள் கடந்துவிட்டன.

இனி நம் வாதத்தின் மையத்துக்கு வருவோம். இந்த விதி, துணைப்பொருளாக விற்கப்படும் எஃபெட்ராவுக்கு மட்டுமே பொருந்தும், பாரம்பரிய ஆசிய மருத்துவத்தில் அதன் பயன்பாடு இந்த விதியின் வரம்புக்குள் வராது என்று நிர்வாகமே எழுதியது. படிக்கும்போது வைத்தியருக்குப் பாதுகாப்பு கிடைத்துவிட்டதாகவே தோன்றும். உண்மை நிலை வேறு. அமெரிக்கக் கூட்டரசுச் சட்டத்தில் 'பாரம்பரிய மருந்து' என்று ஒரு வகையே கிடையாது. ஒரு பொருள் உணவாக இருக்க வேண்டும், துணைப்பொருளாக இருக்க வேண்டும், இல்லையேல் மருந்தாக இருக்க வேண்டும். மா ஹுவாங் துணைப்பொருள் என்றால் அதற்குத் தடை. இரைப்புக்கு என்று சொல்லிக் கொடுத்தால் அது மருந்து. 1938ஆம் ஆண்டின் சட்டப்படி புதிய மருந்துக்குரிய முன்அனுமதி வேண்டும். அந்த அனுமதி அதற்கு இல்லை. வரம்புக்குள் வராது என்று சொன்னவர்கள், வேறு எந்த வரம்புக்குள் அது சட்டப்படி வாழலாம் என்று சொல்லவில்லை. சரக்கை இறக்குமதி செய்பவரும் மொத்த வணிகரும் இத்தகைய மங்கலான இடத்தில் பணத்தைப் போடமாட்டார்கள். பலர் மா ஹுவாங்கை விற்பதையே கைவிட்டனர். ஆயத்த மருந்து செய்பவர்கள் பழைய கூட்டுமருந்துகளில் அதற்குப் பதிலாக வேறு மூலிகையைச் சேர்த்தனர். ஆக, ஏட்டில் விலக்கு இருந்தும் வைத்தியரின் மருந்துப் பெட்டியில் சரக்கு இல்லாமல் போனது.

நிர்வாகத்தின் தர்க்கத்தையே எடுத்துக்கொண்டு பார்த்தாலும் இது பொருந்தவில்லை. எடைகுறைப்பிலும் விளையாட்டு ஊக்கத்திலும் நிலையான நன்மை இல்லை, எனவே எந்த அளவு ஆபத்தும் நியாயமற்றதே என்பதுதான் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட வாதம். நல்ல வாதம். ஆனால் இதன் உட்பொருள் என்ன? ஆபத்து நியாயமானதா என்பது பயனைப் பொறுத்தது என்பதே. அதனால்தான் எஃபெட்ரின் என்ற அதே மூலக்கூறு, ஆஸ்துமாவின் லேசான அறிகுறிகளுக்கான மாத்திரையாக, வேளைக்கு 12.5 முதல் 25 மில்லிகிராம் வரை, நாளொன்றுக்கு 150 மில்லிகிராமுக்கு மிகாமல், மருத்துவர் சீட்டு இல்லாமலே விற்க அமெரிக்க விதி இடம் கொடுத்திருந்தது. தடைக்குப் பிறகும் அந்த இடம் பறிபோகவில்லை. போதைப்பொருள் தயாரிப்பைத் தடுக்க வந்த சட்டம்கூட அந்த மாத்திரையைக் கடைக்காரரின் மேசைக்குப் பின்னால் வைத்து, வாங்குபவர் பெயரைப் பதிவு செய்யச் சொன்னதே தவிர அகற்றச் சொல்லவில்லை. பிரித்தெடுத்த வேதிப்பொருளுக்கு நோக்கம், அளவு, விற்பவர் என்று மூன்றையும் வரையறுத்து இடம் தர முடிந்த சட்டத்தால், அது பிறந்த மூலிகைக்கு அப்படி ஓர் இடத்தைத் தர முடியாதது ஏன்? இந்தக் கேள்விக்கு 2004 விதியில் விடை இல்லை.

இப்படி ஓர் இடம் தருவது நடைமுறையில் முடியுமா என்று கேட்பவர்களுக்குப் பிரிட்டன் விடை சொல்கிறது. 1968ஆம் ஆண்டின் மருந்துச் சட்டம், நோயாளியை நேரில் கண்டு ஆலோசித்த பின் மூலிகை மருந்து கொடுக்கும் வைத்தியருக்கு உரிம விலக்கு அளித்தது. 1977இல் வந்த ஆணை, வீரியமான சில மூலிகைகளைத் தனிப் பட்டியலில் வைத்து, வைத்தியர் கொடுக்கக்கூடிய உச்ச அளவை எழுதியது. எஃபெட்ரா அந்தப் பட்டியலில் இருக்கிறது: வேளைக்கு 600 மில்லிகிராம், நாளைக்கு 1,800 மில்லிகிராம். சீன வைத்தியர்கள் வழக்கமாகக் கஷாயத்தில் போடும் அளவைவிட இது குறைவு. அவர்கள் அதைப் போதாது என்று சொல்லக்கூடும். ஆனாலும் கொள்கை தெளிவானது: கடையில் யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது, வைத்தியர் பார்த்துக் கொடுக்கலாம், இந்த அளவுக்கு மேல் கூடாது. ஜப்பான் வேறொரு வழியில் சென்றது. அங்கே கம்போ என்னும் பாரம்பரியக் கூட்டுமருந்துகளை நவீன மருத்துவர்களே எழுதிக்கொடுக்கிறார்கள். 1976 முதல் அவற்றுள் பல தேசிய மருத்துவக் காப்பீட்டில் அடங்கும். மா ஹுவாங் சேர்ந்த கக்கோந்தோ சளிக்காய்ச்சலுக்கு அங்கே சாதாரணமாகப் பயன்படும் மருந்து. தரக்கட்டுப்பாடு, அளவு, பரிந்துரைப்பவர் எல்லாம் வரையறுக்கப்பட்டிருப்பதால் அதே மூலிகை அங்கே நெருக்கடியை உண்டாக்கவில்லை.

இதற்கு எதிராக எழக்கூடிய வாதங்களில் வலுவானது, பாரம்பரியப் பயன்பாடு பாதுகாப்புக்குச் சான்றாகாது என்பது. பிரஸ்ஸல்ஸ் கதையை அறிந்தவர்கள் இதை மறுக்க முடியாது. அங்கே கலந்த நச்சு வேர் சேர்ந்த அரிஸ்டோலோகியா இனச் செடிகளில் உள்ள அமிலம் சிறுநீரகத்தை மெல்ல மெல்ல அழிக்கிறது. பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயையும் தருகிறது. நம் ஊரில் ஆடுதீண்டாப்பாளை, ஈஸ்வரமூலி என்று அறியப்படும் செடிகளும் அதே இனத்தவை. கஷாயம் குடித்தவுடன் வரும் வாந்தியை எந்த வைத்தியரும் கவனிப்பார். பத்தாண்டு கழித்து வரும் புற்றைக் கஷாயத்தோடு இணைத்துப் பார்க்க எந்தத் தனி வைத்தியராலும் முடியாது. அதற்கு ஆய்வகமும் பெருந்தொகைப் பதிவுகளும் வேண்டும். எனவே வைத்தியருக்கு இடம் கேட்பது ஆய்விலிருந்து விலக்குக் கேட்பதாகாது. எந்த அளவிலும் யார் கையிலும் தீங்கு தரும் சரக்கை முற்றாகத் தடுக்கத்தான் வேண்டும். எஃபெட்ரா அந்த வகையைச் சேர்ந்ததில்லை. அதன் விளைவு உடனே தெரிவது, அளவையும் ஆளையும் காலத்தையும் பொறுத்தது. இங்கே இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சீன மருந்தியல் நூல்கள் சொல்லும் தண்டின் அளவில் இருக்கும் எஃபெட்ரின், எடைகுறைப்பு மாத்திரைகளின் ஒரு நாள் அளவை எட்டக்கூடும். பாரம்பரியம் எப்போதும் குறைவாகவே கொடுத்தது என்று வாதிடுவது தவறு. வேறுபாடு எல்லாம் சில நாட்களில் நிறுத்தப்படுவதிலும், கஃபீன் சேராததிலும், இதய நோயாளியும் இரத்த அழுத்தம் உள்ளவரும் முன்னதாகவே விலக்கப்படுவதிலும்தான் இருக்கிறது. அந்த விலக்கைச் செய்ய ஒரு மனிதர் வேண்டும். மாத்திரைப் புட்டியின் ஓரத்தில் அச்சிட்ட எச்சரிக்கையால் அது முடியாது.

அப்படியானால் முறைப்படி மருந்தாகப் பதிவு செய்துகொள்ளட்டுமே என்று சிலர் கேட்பார்கள். அமெரிக்க நிர்வாகம் தாவர மருந்துகளுக்கென்றே 2004இல் ஒரு வழிகாட்டுதலையும் வெளியிட்டது. அந்த வழியில் முதல் அனுமதி 2006இல் பச்சைத் தேயிலைச் சாற்றால் ஆன ஒரு களிம்புக்குக் கிடைத்தது. இரண்டாவது 2012இன் கடைசி நாளில் தென்னமெரிக்க மரமொன்றின் பிசினிலிருந்து எடுத்த வயிற்றுப்போக்கு மருந்துக்கு. இரண்டுமே ஒரே தாவரத்திலிருந்து எடுத்த சாறுகள். நான்கு, பத்து, பன்னிரண்டு சரக்குகளைச் சேர்த்து, நோயாளிக்கு நோயாளி அளவை மாற்றிக் கொடுக்கும் கஷாயத்துக்கு அந்தப் பாதை அமைக்கப்படவில்லை. எவரும் காப்புரிமை பெற முடியாத பழங்கால மருந்துக்குப் பெருஞ்செலவில் ஆய்வு நடத்த எந்த நிறுவனமும் முன்வராது. நவீன இன்ஹேலர்கள் இருக்கும்போது இந்த மூலிகையே எதற்கு என்ற கேள்விக்கும் இங்கே விடை சொல்லலாம். கடும் ஆஸ்துமாவுக்கு இன்ஹேலருக்குப் பதில் கஷாயம் என்று எந்தப் பொறுப்புள்ள வைத்தியரும் சொல்லமாட்டார். சொன்னால் அவரைத் தடுக்கும் அதிகாரமும் சட்டத்துக்கு இருக்க வேண்டும். ஆனால் அந்த மருத்துவத்தை நாடும் மக்கள் இருக்கும்வரை, அவர்கள் பயிற்சி பெற்றவரிடம் போகிறார்களா, பெயர் தெரியாத விற்பனையாளரிடம் போகிறார்களா என்பது அரசின் கவலையாக இருந்தே ஆக வேண்டும்.

யார் வைத்தியர் என்பதே தெரியாதபோது எப்படி இடம் தருவது என்பது இறுதியான எதிர்வாதம், நியாயமானதும்கூட. அமெரிக்காவில் இதற்கு அடித்தளம் ஏற்கெனவே இருந்தது. 1973இல் நெவாடா தொடங்கிப் பல மாநிலங்கள் சீன மருத்துவம், அக்குபங்சர் பயின்றவர்களுக்கு உரிமம் வழங்கின. கலிஃபோர்னியாவில் அந்த உரிமம் மூலிகை கொடுப்பதையும் உள்ளடக்கியது. உரிமம் தந்தது மாநிலம், மருந்தை வகைப்படுத்தியது கூட்டரசு. இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவில்லை. பிரிட்டனின் குறை இதற்கு நேரெதிர். அங்கே மருந்தின் அளவு சட்டத்தில் இருக்கிறது, வைத்தியரின் தகுதி இல்லை. மூலிகை வைத்தியர்களுக்குச் சட்டபூர்வமான பதிவேடு கொண்டுவருவதாக 2011இல் அரசு அறிவித்தது. 2015இல் டேவிட் வாக்கர் தலைமையிலான அறிக்கை அது வேண்டாம் என்று பரிந்துரைத்ததும் திட்டம் நின்றுபோனது. ஆஸ்திரேலியாதான் துணிந்தது. விக்டோரியா மாநிலம் 2000இல் சீன மருத்துவர்களைப் பதிவு செய்யச் சட்டம் இயற்றியது. 2012 ஜூலை முதல் அந்தப் பதிவு நாடு முழுவதற்கும் விரிந்தது. போலி வைத்தியர்கள் இருக்கிறார்கள் என்பது பதிவேடு வேண்டும் என்பதற்கான காரணமே. பயின்றவரையும் சேர்த்து வெளியே நிறுத்துவதற்கு அது காரணமாகாது.

எஃபெட்ரா வரலாற்றிலிருந்து நான் எடுக்கும் முடிவு இதுதான். 1994 சட்டம் வீரியமான மூலிகையை எல்லார் கையிலும் கொடுத்தது. 2004 விதி, வாயளவில் விலக்குத் தந்தும், பயின்றவர் கையிலிருந்துகூட அதை நழுவவிட்டது. இரண்டிலும் வைத்தியர் என்ற ஆள் சட்டத்தின் கண்ணில் படவில்லை. முதல் தவறு உயிர்களைப் பறித்தது. அதைத் திருத்திய அரசைப் பாராட்ட வேண்டும். இரண்டாவது தவறு ஒரு மருத்துவ மரபின் முதன்மைச் சரக்குகளில் ஒன்றைப் பயிற்சியிலிருந்தே விலக்கியது. அதைத் திருத்த யாரும் அவசரப்படவில்லை. இந்தியச் சட்டத்தில் இந்த இடம் உண்டு. எட்டிக்கொட்டை, சேராங்கொட்டை, நாபி, குன்றிமணி போன்றவற்றை நச்சுச் சரக்குகள் என்று தனி அட்டவணையில் வைத்து, அவை சேர்ந்த சித்த, ஆயுர்வேத, யுனானி மருந்துகளை மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே உண்ண வேண்டும் என்று சிட்டையில் அச்சிட நம் விதி கட்டளையிடுகிறது. அந்தக் கட்டளை நம் நாட்டு மருந்துக் கடைகளில் எவ்வளவு தூரம் மதிக்கப்படுகிறது என்பது நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. சித்த மருந்துகளை முதன்முதலாக மருந்துச் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவந்த 1964 திருத்தத்தின் வரலாற்றை அடுத்த பகுதியில் பார்ப்போம்.

(தொடரும்)